துருவத்துக் குளத்தில் மீன் இருக்குமா? கந்தளாய்க் கட்டில் வந்த கேள்வி

கந்தளாய்க் கட்டு
யூலை 6, இரவு 9.40

போன ஞாயிறு குடும்பமாகக் கந்தளாய்க்குப் போயிருந்தோம். குளக்கட்டில் நின்று ஜப்பான் மீன் (திலாப்பியா) பொரியலை முள் எடுத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, தரம் 9 படிக்கும் மகள் கேட்டாள்: "அப்பா, துருவத்தில குளம் இருக்கா? இருந்தா, குளிர்காலத்தில மீன் எல்லாம் ஐஸ் கட்டிக்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்குமா?"

"அங்கே என்ன உயிர் இருக்கப்போகுது, எல்லாம் ஐஸ்தான்" என்று சொல்லி வாயை அடைக்கப் பார்த்தேன். பிள்ளை விடவில்லை. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒன்றில் மொண்டுவந்து, எங்களுக்குத் தெரியாமல் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். விடிய எழும்பிப் பார்த்தால் போத்தல் வெடித்து, வாங்கி வைத்திருந்த பாரை மீன் முழுக்கக் கண்ணாடித் தூள். மீன் குப்பைக்குப் போனது. ஏச்சு எனக்கும் மகளுக்கும் சரிபாதி.

இப்போது கேள்வி இன்னும் கூடிவிட்டது. "போத்தலே வெடிக்குதென்றால் மீன்ட வயிறு என்ன ஆகும்?" என்கிறாள். உடைந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். சுற்றிவர கண்ணாடி போலத் தெளிவு, நடுவில் மட்டும் வெள்ளையாகக் குமிழி. குளமும் இப்படித்தான் உறையுமா? தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்.


ரியூசன் வாத்தி
யூலை 6, இரவு 10.15

உங்கள் போத்தலுக்கு நாலா பக்கமும் குளிர். அதனால் சுவரிலிருந்து உள்நோக்கி உறைந்தது. கடைசியாக நடுவில் மாட்டுப்பட்ட தண்ணீர் விரிய இடமில்லாமல் போத்தலை உடைத்தது. குளத்துக்குக் குளிர் மேலிருந்து மட்டும்தான் வருகிறது. அடி மண் குளத்தைவிடச் சூடாகவே இருக்கும்.

இன்னொன்று, தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமானது. குளிரக் குளிர மேல் தண்ணீர் கனத்து அடிக்குப் போகும். முழுக் குளமும் 4 பாகைக்கு வந்த பிறகு, அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் இலேசாகி மேலேயே நின்றுவிடும். அதுதான் உறைகிறது. உறைந்த ஐஸ் மிதக்கும், அதன்மேல் பனி விழுந்து படுக்கும். கம்பளியும் போர்வையும் போட்ட மாதிரி. கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீனும் இருக்கும். இது சாதாரண தரப் பாடம்தான், பரீட்சையில் 2 புள்ளிக்கு எழுதுவார்கள். எழுதுகிற எவரும் ஒரு நாளும் ஐஸ் மூடிய குளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், நான் உட்பட.


மூதூர் வண்டில்
யூலை 6, இரவு 10.31

அப்போ அங்கே வலை வீசுவதா கோடரி வீசுவதா?


வடக்கே போனவன்
யூலை 7, அதிகாலை 2.20

கோடரி இல்லை தம்பி, துளைகருவி. நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவன். நோர்வேயின் வட முனையில், பின்மார்க்கில் இருக்கிறேன். மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த பழைய ஆட்களில் ஒருவன். இப்போது இங்கே இரவு இரண்டு மணி, வெளியில் வெயில் அடிக்கிறது. நித்திரை வராததால் எழுதுகிறேன்.

மார்ச், ஏப்ரலில் இங்கே எல்லாரும் குளத்துக்குப் போவார்கள். நடந்துபோய்க் குளத்தின் நடுவில் கதிரை போட்டு உட்காருவோம். ஆளுயரத்துக்குக் கிட்டத் திருகாணி மாதிரி ஒரு கருவி, அதைக் கையால் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். முதல் தரம் போனபோது இடுப்பளவு இறங்கியும் தண்ணீரைக் காணவில்லை. என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு "பொளக்" சத்தம், துளை வழியே தண்ணீர் பொங்கி மேலே வந்து சப்பாத்தை நனைத்தது. எட்டிப் பார்த்தால் கறுப்பு. கிணறு மாதிரி. கையுறையைக் கழற்றிவிட்டுத் தூண்டிலை இறக்கினேன், ஈர நூல் விரலில் ஒட்டிக்கொண்டது.

மாட்டுகிற மீனுக்கு இங்கே "ரோய்யெ" என்று பெயர். முதுகு கரும்பச்சை, வயிறு பழுத்த பப்பாசி நிறம், செட்டைகளின் முன்விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்தமாதிரி வெள்ளை. உலகத்திலேயே மிக வடக்கே போய் வாழ்கிற நன்னீர் மீன் இதுதான். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஹேசன் ஏரி 80 பாகை அகலாங்குக்கும் வடக்கே, 260 மீற்றருக்கு மேல் ஆழம். அவ்வளவு பெரிய ஏரியில் இந்த ஒரே ஒரு சாதி மீன்தான். வேறு சாப்பாடு போதாததால் பெரியது சின்னதைத் தின்னும். நான் பிடித்ததை வெட்டியபோது வயிற்றுக்குள் சிவப்புப் புழுக்கள் ஒரு பிடி, கூடவே விரல் நீளத்தில் அதே இனத்துக் குஞ்சு ஒன்று.

புளி விட்டுக் குழம்பு வைத்தேன். திறம். ஜப்பான் மீனுக்குப் பக்கத்தில் வைத்துக் கதைக்கவே கூடாது.


கந்தளாய்க் கட்டு
யூலை 7, இரவு 8.05

அண்ணை, ஜப்பான் மீனைக் குறை சொல்லி எங்கள் வயிற்றெரிச்சலை வாங்காதீர்கள். மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: மூடியைப் போட்டு மூடிவிட்டால் மீன் எப்படி மூச்சு விடும்?

அது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றித் தண்ணீர் சுடுகிற நாட்களில், விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திறந்த குளத்திலேயே காற்றுக் காணாது.


ரியூசன் வாத்தி
யூலை 7, இரவு 9.30

உங்கள் குளம் சுடுவதுதான் அங்கே பிரச்சினை. 30 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசன்தான் தாங்கும். 0 பாகையில் 14.6. அதாவது ஐஸ் மூடுகிற நேரத்தில் அங்கே குளம் இரண்டு மடங்கு மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டுதான் கதவைச் சாத்துகிறது. குளிரில் மீனுக்கும் தேவை குறைவு. செலவு சுருங்கிய வீடு.

ஆனால் எல்லாக் குளமும் தப்புவதில்லை. ஆழமில்லாத குளத்தில் சேறு கூட, மேலே பனியும் தடிப்பாக விழுந்தால் வெளிச்சம் இல்லை, அல்காவுக்கு (பாசிக்கு) ஒளித்தொகுப்பு இல்லை, இருந்த ஒட்சிசனைச் சேற்றுப் பற்றீரியா தின்று முடித்துவிடும். மீன் செத்துவிடும். இரண்டு மீற்றருக்குக் குறைந்த குளமென்றால் பல இடங்களில் அடிவரை உறைந்துவிடும், அங்கே மீன் கதையே இல்லை. புழு பூச்சிகளின் இராச்சியம்.


வெந்நீர்க் கிணறு
யூலை 8, காலை 6.50

வட துருவம் சரி. தென் துருவத்துக்கு வாருங்கள். அந்தாட்டிக்காவில் வண்டா என்று ஒரு ஏரி, மேலே 3, 4 மீற்றர் ஐஸ், வருடம் முழுக்க உருகாது. வருடச் சராசரி வெப்பநிலை −20 பாகை அளவில். அந்த ஏரியின் அடியில் தண்ணீர் எத்தனை பாகை தெரியுமா? ஏறத்தாழ 25! நம் கடல் குளிப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இது எப்படி என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. அதே பக்கத்தில்தான் எரெபஸ் எரிமலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. நம் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் மாதிரிப் பூமியின் அடிச்சூடு. ஆக, துருவத்தில் உயிர் இருக்கிறதென்றால் எரிமலை புண்ணியத்தில்தான்.


ரியூசன் வாத்தி
யூலை 8, பிற்பகல் 1.10

முதலில் கன்னியா எரிமலைச் சூடு இல்லை. இலங்கையில் எரிமலையே கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இல்லை என்பது அங்கே வாளி அள்ளி ஊற்றின எல்லாருக்கும் தெரியும்.

வண்டாவைப் பற்றி நீங்கள் சொன்ன எண்கள் சரி, காரணம் பிழை. அது சூரியச் சூடு. 1960களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளும் இதே சண்டையைப் பிடித்தார்கள்.


வெந்நீர்க் கிணறு
யூலை 8, பிற்பகல் 1.25

சூரியச் சூடு மேலேயல்லவா இருக்க வேண்டும்? மேலே ஐஸ், அடியில் வெந்நீர். எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது இது? சூடான தண்ணீர் மேலே வரும் என்று நீங்கள்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள்.


நிலாவெளி உப்பு
யூலை 8, இரவு 7.45

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை, இந்த இழையைச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இது எனக்குத் தெரிந்த சங்கதி மாதிரி இருக்கிறது.

உப்பளத்தில் முப்பது வருடம் நின்றவன் நான். ஆடி, ஆவணியில் சில நாள் பின்னேரம் திடீரென்று இடித்து ஒரு மழை ஊற்றும். பாத்தியில் ஏற்கெனவே முற்றிய தண்ணீர் நிற்கும், அது கனம். மழைத்தண்ணீர் அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குத் தனியாக நிற்கும், கலக்காது. மறுநாள் கச்சான் காற்று அடிக்காமல் வெயில் மட்டும் எறித்தால் மத்தியானம் பாத்திக்குள் இறங்கிப் பாருங்கள். கணுக்காலில் இளஞ்சூடு, உள்ளங்காலில் நெருப்பு. புதிதாக வேலைக்கு வந்த பெடியன் ஒருவன் பாத்திக்குள் கால் வைத்துவிட்டுக் குதித்து வரம்பில் ஏறியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

ஏன் என்று யோசித்தால், வெயில் தெளிந்த தண்ணீரை ஊடுருவி அடியில் போய்த்தான் சுடுகிறது. அடித் தண்ணீர் சூடேறி மேலே வரப் பார்க்கும். ஆனால் உப்புக் கனம் அதை விடாது. மேல் தண்ணீர் போர்வையாகிவிடும். காற்று எழும்பி ஒரு தரம் கலக்கிவிட்டால் முடிந்தது, எல்லாம் ஒரே சூடு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வண்டா ஏரியின் அடித் தண்ணீர் உப்பா?


ரியூசன் வாத்தி
யூலை 8, இரவு 9.02

ஐயா, கும்பிடுகிறேன். உப்புத்தான். கடலைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு, பெரும்பாலும் கல்சியம் குளோரைட்டு. மேல் தண்ணீர் குடிக்கலாம் போல நன்னீர். நீங்கள் சொன்ன மழைக் கதையும் அப்படியே பொருந்துகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வற்றி, உப்புக் குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. பிறகு பனியாறு உருகி வந்த நல்ல தண்ணீர் அதன்மேல் நிரம்பியது. கோடையில் சில வாரங்கள் மட்டும் ஓடுகிற ஒனிக்ஸ் என்ற ஆறு இன்றும் அதற்குள் விழுகிறது. அந்தாட்டிக்காவின் மிக நீளமான ஆறே அதுதான், 32 கிலோமீற்றர், அதுவும் கடலைப் பார்க்காமல் உள்நாட்டைப் பார்த்து ஓடுகிறது.

அப்புறம் காற்று. உங்கள் பாத்தியைக் கச்சான் கலக்கிவிடுகிறது. அங்கே 3, 4 மீற்றர் ஐஸ் மூடி இருக்கிறது, எந்தப் புயலும் தொட முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் பனிப்பொழிவு சொற்பம், விழுவதையும் வறண்ட காற்று துடைத்துவிடும். அதனால் ஐஸ் வெறுமையாக, கண்ணாடி போலக் கிடக்கும். வெளிச்சத்தில் ஒரு பங்கு அடிவரை போகும். கோடையில் சூரியன் மறைவதே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சூடு அது.

எரிமலைக்காரருக்கு: அடிச் சேற்றுக்குள் வெப்பமானியை இறக்கினால் ஆழம் போகப் போகக் குறைகிறது. அடியிலிருந்து சூடு வந்திருந்தால் கூட வேண்டும். அங்கே ஏரிதான் மண்ணைச் சூடாக்குகிறது.


வெந்நீர்க் கிணறு
யூலை 8, இரவு 9.40

சேற்றுக் கணக்கு எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எரெபஸ் பக்கத்தில் இருப்பது உண்மைதானே.


மூதூர் வண்டில்
யூலை 8, இரவு 9.44

கோணேசர் கோயில்கூடக் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்காகத் தீர்த்தம் கரிக்கிறதா?


(இடையில் கந்தளாய்க் குளத்தைக் கட்டியது குளக்கோட்டனா, அக்போவா என்று எழுந்த 23 பதிவுகள் அகற்றப்பட்டன. அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, மூன்று வருடமாக ஓடுகிறது, அங்கே போங்கள். நிர்வாகி.)


கந்தளாய்க் கட்டு
யூலை 10, இரவு 8.20

சரி, சூடு விளங்கிவிட்டது. அந்தாட்டிக்கா ஏரிகளில் யார்தான் குடியிருக்கிறார்கள்? மகள் ஒரு தாளில் "மீன், தவளை, ஆமை, தாமரை" என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்.


ரியூசன் வாத்தி
யூலை 10, இரவு 10.48

நாலையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். அந்தாட்டிக்காவின் நன்னீரில் ஒரு மீன்கூட இல்லை.

அங்கே பெரிய ஆள், இறால் மாதிரி ஒரு பிராணி. ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு, ஓடு கிடையாது, மல்லாந்து நீந்தும். அந்தாட்டிக்கத் தீபகற்பத்துப் பக்கத்துக் குளங்களில் அதைவிடப் பெரிய நன்னீர்ப் பிராணி வேறு இல்லை. உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவும் இதே வகையறாதான். குளம் திறந்திருக்கும் சில மாதங்களில் பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டை சேற்றில் உறைந்து கிடந்து அடுத்த கோடைக்கு எழும்பும். நம் ஊரில் மாரியில் தேங்கும் குட்டைகளிலும் இந்த இனத்தார் உண்டு. அவர்களுடைய முட்டை ஐஸுக்குப் பதிலாக ஆனி, ஆடி வெயிலில் காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் தெற்கே போனால் இதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சக்கரப்பூச்சிகள், நூற்புழுக்கள், எட்டுக்கால் நீர்க்கரடிகள். 1907 முதல் 1909 வரை நடந்த ஷாக்கிள்டனின் பயணத்தில் ஜேம்ஸ் மரே என்ற உயிரியலாளர் போயிருந்தார். றொய்ட்ஸ் முனையில் பக்கத்தில் மட்டக்குதிரைகளைக் கட்டிவைத்த ஒரு குட்டைக்கு அவர்கள் "மட்டக்குதிரைக் குளம்" என்றே பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் துருவத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்க, மரே குளங்களின் ஐஸைத் தோண்டி, அடியில் உறைந்து கிடந்த பாசியை எடுத்து உருக்கினார். அதற்குள் இருந்த சக்கரப்பூச்சிகள் எழும்பி நீந்தின. அவற்றில் ஒரு இனம் சிவப்பு, கூட்டமாக ஒட்டிக்கிடந்தால் பாறையில் இரத்தக் கறை மாதிரி இருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது அடிப்பாசிதான். மேலே தின்ன ஆள் குறைவு, கலக்கக் காற்றில்லை. ஆகவே சயனோபற்றீரியா பாய் விரித்தமாதிரி அடி முழுக்கப் படர்ந்து, மடிப்பு மடிப்பாக ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. யப்பானியரின் ஷோவா நிலையத்துப் பக்கத்து ஏரிகளில் 1990களில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். மொஸ் என்ற பாசித்தாவரமும் பற்றீரியாவும் அல்காவும் சேர்ந்து கட்டிய தூண்கள், 60 சென்ரிமீற்றர் உயரம்வரை, அடியில் சிறு சிறு கோபுரங்களாக நிற்கின்றன. வெளியில் அந்தக் கரையில் கல்லும் மணலும்தான், ஒரு புல்லுக்கூட இல்லை. நீருக்குள் காடு.


கிண்ணியா எருமைப்பட்டி
யூலை 11, காலை 7.15

வாத்தியார், ஒரு சந்தேகம். பாசிக்கு உரம் எங்கிருந்து? எங்கள் பக்கத்தில் எருமை இறங்குகிற குளம் ஒரு மாதத்தில் பச்சை பிடித்துவிடும், இறங்காத குளம் தெளிந்து கிடக்கும். அங்கே எருமை ஏது?


ரியூசன் வாத்தி
யூலை 11, பிற்பகல் 12.40

கிண்ணியாக் காக்கா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பெரும்பாலான துருவக் குளங்கள் பட்டினிக் குளங்கள், பொசுபரசு மிகக் குறைவு. அதனால்தான் அப்படித் தெளிவு.

ஆனால் அங்கேயும் எருமை உண்டு. அந்தாட்டிக்காப் பக்கத்துச் சிக்னி தீவில் ஹேவூட் என்று ஒரு ஏரி. 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காகக் கொன்று கிட்டத்தட்ட அழித்த உரோமச் சீல்கள், 1970களின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தீவுக்குப் பெருந்தொகையாகத் திரும்பி வந்தன. கரையில் படுத்து, ஏரியில் புரண்டு, எல்லாவற்றையும் அங்கேயே கழித்தன. தெளிந்து கிடந்த ஏரி பச்சையாகிவிட்டது. ஐஸ் உருகும் குளத்தையும் நாசமாக்க முடியும் என்பதற்கு இது உதாரணம் என்கிறார்கள் சிலர். எனக்கென்னவோ பழைய குடிகள் திரும்பி வந்து பழைய வேலையைச் செய்கின்றன என்றுதான் படுகிறது. கடலில் தின்று குளத்துக்கு உரம் போடுகின்றன, அதில் என்ன பிழை?


கிண்ணியா எருமைப்பட்டி
யூலை 11, பிற்பகல் 12.58

அதைத்தான் நானும் குளத்துக் கமிட்டிக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.


நிலாவெளி உப்பு
யூலை 12, இரவு 8.30

அடிவரை உறையும் சின்னக் குளத்தில் இருக்கிற பூச்சிகளுக்குக் குளிர் மட்டுமா சோதனை? ஐஸ் தனக்குள் உப்பைச் சேர்க்காதல்லவா. நாங்கள் பாத்தியில் வெயிலைக்கொண்டு தண்ணீரைப் போக்காட்டி உப்பை மிஞ்ச வைக்கிறோம். அங்கே குளிர் தண்ணீரைக் கட்டியாக இழுத்து வைக்கும், மிச்சத் தண்ணீர் நாளுக்கு நாள் உப்புக் கூடிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே தொழில்தான். அந்தப் புழு பாவம், முதலில் உப்பில் ஊறி, பிறகு உறைகிறது. கருவாடு போட்டுப் பிறகு ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி.


ரியூசன் வாத்தி
யூலை 12, இரவு 9.10

அப்படியே உண்மை. அந்தத் தொழிலின் கடைசிப் பாத்தியும் அங்கே இருக்கிறது ஐயா. வண்டாவுக்குப் பக்கத்தில் தொன் யுவான் என்ற குட்டை, கணுக்கால் ஆழம். எடையில் 40 வீதத்துக்கு மேல் உப்பு, −50 பாகையிலும் உறையாது. அதுவும் கல்சியம் குளோரைட்டு. மாரியில் உப்பு மூட்டை காற்றிலிருந்து ஈரம் குடித்துக் கசியுமே, அப்படி அந்தக் குட்டையைச் சுற்றியுள்ள மண் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் குட்டைக்குக் கொடுக்கிறது என்று ஒரு ஆய்வு சொல்கிறது.


கொட்டியாரக் குருவி
ஓகஸ்ட் 23, காலை 10.05

இழை ஒரு மாதமாகத் தூங்குகிறது, எழுப்புகிறேன். இன்று விடிய பெரியகரைச்சிக் களப்பில் கொசு உள்ளான் இறங்கியிருந்தது. எண்ணிப் பார்த்ததில் 40க்குக் கிட்ட. சேற்றில் தையல் மெசின் ஊசி மாதிரிக் கொத்திக்கொண்டு ஓடின.

இந்த இழையில் எழுத ஒரு காரணம் உண்டு. இந்தக் குருவி 25 கிராம் அளவுதான் இருக்கும், ஒரு தேசிக்காயைவிட இலேசு. இது பிறந்தது ரஷ்யாவின் வட கரையில், நீங்கள் கதைக்கிற அதே மாதிரிக் குளங்களின் ஓரத்தில். தாய் ஊட்டாது. முட்டையிலிருந்து வந்த அன்றே குஞ்சு தானே ஓடித் தின்ன வேண்டும். தின்னுவது அந்தக் குளங்களிலிருந்து ஒரே வாரத்தில் திரளாக எழும்பும் சின்ன ஈக்களை. வடக்கே போனவன் அண்ணா மீனின் வயிற்றில் கண்ட சிவப்புப் புழு இருக்கிறதே, அதன் சாதிதான். அலாஸ்காவின் பரோ குளங்களில் அந்தக் குடம்பி ஈயாக எழும்ப 7 வருடம் எடுக்கும் என்று கண்டார்கள். ஏழு மாரி சேற்றில் உறைந்து, உருகி, கொஞ்சம் வளர்ந்து, பிறகு சில நாள் பறந்து முடிகிற வாழ்க்கை. அதைத் தின்று வளர்ந்த குஞ்சு இன்றைக்கு நம் களப்பில்.

கூடவே வளைந்த மூக்குள்ள உள்ளானும் வரும். லெமிங் என்ற துருவ எலி குறைந்த வருடம் நரி இந்தப் பறவைகளின் முட்டையில் கைவைக்கும், அந்த வருடம் தெற்கே வரும் இளம் பறவை குறையும். எங்கோ எலி குறைந்ததை இங்கே சேற்றில் நின்று எண்ணலாம்.


வடக்கே போனவன்
ஓகஸ்ட் 24, இரவு 11.50

ஈயைப் பற்றிச் சொல்லாதே தம்பி, கூடவே நுளம்பு. யூலையில் இங்கே குளத்தோரம் வாய் திறக்க முடியாது. திருகோணமலை நுளம்பு இதற்கு முன்னால் சன்னியாசி.

ஆனால் அந்தக் குளங்கள் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. எல்ஸ்மியர் தீவின் ஹேர்ஷல் முனையில் 1983 முதல் இரண்டு கனடிய ஆய்வாளர்கள் குளங்களை அளந்து வந்தார்கள். அடிச்சேற்றைக் குடைந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வருடம் வற்றாத குளங்கள். 2006 யூலையில் போனால் சில குளங்கள் காய்ந்து கிடந்தன. ஐஸ் சீக்கிரம் உருகிவிடுகிறது, திறந்த தண்ணீர் கூட நாள் வெயில் குடிக்கிறது. சைபீரியாவில் வேறு கதை. மேற்குப் பகுதியில் செய்மதிப் படங்களை வைத்து எண்ணினார்கள், 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஏரிகள் 1973இல் 10,882, 1990களின் கடைசியில் 9,712.


கந்தளாய்க் கட்டு
ஓகஸ்ட் 25, காலை 6.30

அதெப்படி ஏரி காணாமல் போகும்? யாராவது கட்டை வெட்டினார்களா?


வடக்கே போனவன்
ஓகஸ்ட் 25, பிற்பகல் 3.15

கட்டு இல்லை, அடி. அங்கே குளத்துக்கு அடியில் மண்ணே உறைந்து கல்லாக இருக்கும். அதுதான் குளத்தைத் தாங்குகிற களிமண். அது உருகினால் தண்ணீர் கீழே ஒழுகிவிடும். இன்னும் வடக்கே, உறைநிலம் தடிப்பாக இருக்கிற இடங்களில் இதற்கு நேர்மாறு: மேல்மண் மட்டும் உருகித் தாழ்ந்து புதுக் குளம் பிறக்கிறது, இருந்த ஏரி பெருக்கிறது. அதனால் "எல்லாம் வற்றுகிறது" என்று ஒரே வரியில் எழுதுகிற பத்திரிகைக்காரரை நம்பாதே. குளத்துக்குக் குளம் கணக்கு வேறு.


கந்தளாய்க் கட்டு
செப்ரெம்பர் 7, இரவு 9.20

கடைசியாக ஒரு அறிக்கை. நிலாவெளி ஐயா எனக்குத் தனிச்செய்தியில் ஒரு முறை எழுதி அனுப்பியிருந்தார். மீன் ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி, அடியில் கறுப்புப் பொலித்தீன், அரைப்பங்குக்கு உப்பைக் கரைத்துக் கெட்டியாக்கின தண்ணீர். அதன்மேல் ஒரு ரெஜிபோம் துண்டை மிதக்க விட்டு, அந்தத் துண்டின்மேல் சிரட்டையால் மெல்ல மெல்ல நல்ல தண்ணீர் வார்க்க வேண்டும். நான் வார்த்தபோது இரண்டு தரம் கலங்கிப் பழுதானது. மூன்றாம் தரம் மகள் வார்த்தாள், நின்றது. காற்று அடிக்காத மூலையில், கிணற்றடிக்குப் பின்னால் வைத்தோம்.

நாலாம் நாள் பிற்பகல் வாத்தியாரிடம் இரவல் வாங்கின வெப்பமானியை விட்டோம். மேலே 34. அடியில் 46. வெந்நீர்க் கிணற்றாருக்கு வேண்டுமென்றால் படம் அனுப்புகிறேன், பெட்டிக்கு அடியில் எரிமலை இல்லை, சீமெந்துதான்.

எட்டாம் நாள் பார்த்தால் மேல் தண்ணீரில் நுளம்புக் குடம்பி. நாங்கள் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவதற்கு முன் ஊற்றிவிட வேண்டும் என்று பதறினோம். மகள் "கொஞ்சம் பொறுங்கோ" என்று பெட்டியை விரலால் தட்டினாள். எல்லாம் தலைகீழாகக் கீழே பாய்ந்தன. பாதிவரை போய், எதிலோ முட்டினமாதிரி நின்று, நெளிந்து, திரும்ப மேலே வந்தன. திரும்பத் தட்டினாள். திரும்ப அதே இடம். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடும் தெரியாது, வெறும் தெளிந்த தண்ணீர்.

ஒரு கரித்துண்டை எடுத்து அந்த இடத்தில் பெட்டியின் உட்சுவரில் கோடு போட்டுவிட்டுத்தான் ஊற்ற விட்டாள்.


மூதூர் வண்டில்
செப்ரெம்பர் 7, இரவு 9.33

பெட்டி யாருடையது?


கந்தளாய்க் கட்டு
செப்ரெம்பர் 7, இரவு 9.35

மீன்காரருடையது. கோட்டை அழிக்கத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.